லாரியில் ஏறிய குண்டும் மண்ணில் கிடக்கும் குண்டும்

அதியன் ஆதிரை இயக்கிய 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' 2019 டிசம்பரில் வந்தபோது, நம்மூரில் பெரும்பாலானவர்கள் அதை ரஞ்சித் தயாரித்த இன்னொரு படம் என்றுதான் பார்த்தார்கள். 'பரியேறும் பெருமாள்' கிளப்பிவிட்ட எதிர்பார்ப்பு ஒரு பக்கம், 'கபாலி' இங்கே பாக்கி வைத்துவிட்டுப் போன கணக்கு இன்னொரு பக்கம். நான் வாசித்த விமர்சனங்கள் சாதியைப் பேசின, உழைப்பைப் பேசின, இரண்டாம் பாதி இழுவை என்றன. எல்லாம் சரிதான். ஆனால் தலைப்பிலேயே இருக்கிற குண்டு, பாவம், அந்த விமர்சனங்களில் வெறும் உருவகமாகக் கிடந்து துருப்பிடித்தது.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்தவன். கட்டடங்களுக்கு அடித்தளம் போடுகிற வேலை. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம். அதனால் எனக்கு அந்தக் குண்டு உருவகமாகத் தெரியவில்லை. இத்தனை கிலோ இரும்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் ஒரு ஃபியூஸ், இதை யார் பொறுப்பில் எடுப்பது என்று தெரியாத ஓர் ஊர். அப்படித்தான் தெரிந்தது. இந்தக் கட்டுரையும் அந்தப் பார்வையில்தான். படம் குண்டை எவ்வளவு தூரம் புரிந்துகொண்டது, எந்த இடத்தில் கைவிட்டது?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மாமல்லபுரம் கடற்கரையில் பழைய குண்டு ஒன்று ஒதுங்குகிறது. அது போலீஸ் கையிலிருந்து நழுவி, பழைய இரும்போடு இரும்பாகி, காயலான் கடையில் வேலை செய்யும் லாரி டிரைவர் செல்வத்தின் வண்டியில் ஏறிவிடுகிறது. தினேஷ் செல்வமாக வருகிறார். முனீஷ்காந்த் கூட உட்கார்ந்து வருகிறார். அவர்கள் பேசிக்கொண்டே போகிற அந்த லாரிப் பயணம்தான் படத்தின் உயிர். ஆனந்தியின் காதல், ரித்விகாவின் செய்தி வேட்டை, ஆயுதத் தரகு, மேலிடத்து ஊழல் என்று மற்றவையும் உண்டு. கடைசியில் குண்டு என்ன ஆகிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு விஷயத்தைப் படம் பிரமாதமாகப் பிடித்திருக்கிறது. குண்டு எந்த நிமிடத்தில் இரும்பாக மாறுகிறது? தராசில் ஏறும் நிமிடத்தில். காயலான் கடைக்குள் நுழைந்துவிட்டால் எந்தப் பொருளுக்கும் கடந்தகாலம் கிடையாது. கட்டில் கால், மோட்டார் கவர், தண்ணீர்ப் பம்ப், குண்டு, எல்லாமே கிலோ என்ன விலை என்பதுதான். அங்கே வேலை செய்கிறவர்களின் உடம்பும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் ஓடுகிறது என்பதைப் படம் கத்தாமல் காட்டுகிறது. கிள்ளானிலிருந்து காப்பார் பக்கம் போனால் இதே பட்டறைகளைப் பார்க்கலாம். நாம் காயலான் கடை என்று சொல்வதில்லை, 'பெசி புருக்' என்போம். லாரியையும் லோரி என்போம். மற்றபடி அதே கிரீஸ், அதே தகரக் கூரை, அதே கேஸ் கட்டர்.

இது கற்பனை இல்லை என்பதற்கு ஒரு தேதி போதும். 2004 செப்டம்பர் 30. டெல்லிக்குப் பக்கத்தில் சாஹிபாபாத்தில் உள்ள பூஷன் ஸ்டீல் ஆலையில் இறக்குமதியான பழைய இரும்போடு வந்த பீரங்கிக் குண்டுகள் வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். எங்கோ நடந்த போரின் மிச்சம் கப்பலேறி வந்திருந்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் பல இடங்களில், பழைய இரும்புக் குவியல்களுக்குள் குண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. உடைத்துத் துண்டாக்காத இரும்பை இறக்குமதி செய்ய, கப்பலில் ஏற்றும் முன்பே சோதனைச் சான்று வேண்டும் என்று விதிகள் இறுகின. லாவோஸில் இந்தக் கதை இன்னும் பெரியது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக் குண்டுகளில் சுமார் 30 விழுக்காடு வெடிக்கவில்லை. அந்த இரும்பைப் பொறுக்கி விற்றுத்தான் பல கிராமங்களில் அடுப்பு எரிந்தது. ஆக, பழைய குண்டு ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாக ஆவதற்கு முன்பே கூலிப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. அதியன் ஆதிரைக்கு இது தெரிந்திருக்கிறது. தமிழ் சினிமாவில் இதைத் தெரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான் என்பேன்.

என் மனத்தாங்கல் இதற்குப் பிறகுதான்.

குண்டு லாரியில் ஏறியவுடன் படம் துரத்தலாகிவிடுகிறது. யார் முதலில் பிடிப்பது, யார் மறைப்பது, வெடிக்குமா வெடிக்காதா. திரைக்கதைக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் பழைய குண்டை அப்புறப்படுத்துவது துரத்தலுக்கு நேர் எதிரான வேலை. அதில் ஓட்டமே கிடையாது. முக்கால்வாசி நேரம் காகிதம். எந்த ஆண்டு, எந்த விமானம், எதைக் குறிவைத்து, எத்தனை குண்டு? போருக்குப் பின் எடுத்த வான்படங்களில் பள்ளங்கள் எங்கே தெரிகின்றன, பள்ளமே இல்லாமல் சின்ன ஓட்டை மட்டும் எங்கே தெரிகிறது? அந்தச் சின்ன ஓட்டைதான் ஆபத்து, ஏனென்றால் அது வெடிக்காத குண்டு நுழைந்த வழியாக இருக்கலாம். இளகிய மண்ணில் விமானக் குண்டு பல மீட்டர் ஆழம் இறங்கும். அதுவும் நேராக இறங்காது. தூண்டில் முள் போல வளைந்து, சில நேரம் பக்கத்துக் கட்டடத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் துளை போட்டு, காந்தமானியை உள்ளே இறக்கி, சுற்றிலும் பெரிய இரும்பு இல்லை என்று பார்த்து, அப்புறம்தான் அடுத்த மீட்டர். பிரிட்டனில் கட்டுமானத் துறைக்கென்றே 2009இல் இதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். வாசித்திருக்கிறேன். தூக்கம் வரும். ஆனால் தளத்தில் ஓர் உயிர் பிழைப்பது அந்தத் தூக்கம் வரும் பக்கங்களால்தான்.

'பழைய குண்டுதானே, இந்நேரம் செத்துப் போயிருக்கும்' என்று நினைப்பவர்களுக்கு ஜெர்மனியைச் சொல்ல வேண்டும். பெர்லினுக்கு வடக்கே ஓரானியன்பர்க் என்று ஒரு ஊர். அங்கே போட்ட குண்டுகளில் பலவற்றுக்குத் தாமத ஃபியூஸ். உள்ளே ஒரு குப்பியில் அசிட்டோன். விழுந்த வேகத்தில் குப்பி உடைந்து, அசிட்டோன் ஒரு செல்லுலாய்டு தகட்டைக் கரைக்க வேண்டும். தகடு கரைந்தால் ஊசி பாயும். குண்டு மூக்கை மேலே தூக்கியபடி மண்ணில் நின்றுவிட்டால் அசிட்டோன் தகட்டைவிட்டு விலகி வடிந்துவிடும். தகடு மட்டும் வருடக்கணக்காக நொறுங்கிக்கொண்டே இருக்கும். அதாவது அந்தக் குண்டுக்கு வயதாக ஆக ஆபத்து கூடும். 2010 ஜூனில் கேட்டிங்கன் நகரில் ஒரு குண்டைச் செயலிழக்க வைக்கும் வேலைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோதே அது வெடித்து, அனுபவமுள்ள மூன்று பேர் இறந்தார்கள். 2011 டிசம்பரில் கோப்லென்ஸ் நகரில் ஒரே ஒரு குண்டுக்காக 45,000 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். சிறையும் மருத்துவமனைகளும் காலி. குண்டைச் செயலிழக்க வைத்தார்கள், மக்கள் வீடு திரும்பினார்கள். செய்தியாகப் பார்த்தால் எதுவுமே நடக்கவில்லை. எதுவுமே நடக்காமல் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வேலை செய்திருக்க வேண்டும் என்று யோசித்தால் அதற்குள் ஒரு நாவலே இருக்கிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தால் ஊர் வேறு மாதிரி தெரிகிறது. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இந்தியாவிலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 விமானங்கள் ஜப்பானியர் கையில் இருந்த கோலாலம்பூரின் ரயில் வசதிகளைத் தாக்கின. முதலில் ரயில் பட்டறை. பிறகு மார்ச் 10ஆம் தேதி ரயில் யார்டு. யார்டுக்கு வந்த குண்டு பக்கத்தில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியையும் இடித்துத் தள்ளியது. 1963இல் திறந்த மியூசியம் நெகாரா அந்த இடத்தில்தான் நிற்கிறது. பழைய யார்டு இருந்த 72 ஏக்கரில் கே.எல். சென்ட்ரல். இரண்டுக்கும் இடையில் இப்போது நிலத்தடி எம்.ஆர்.டி. நிலையமும் சுரங்க நடைபாதையும். குளிர்சாதனக் காற்றில் காப்பி குடித்துக்கொண்டு நடக்கிறோமே, அது ஒரு காலத்தில் குறிவைத்த நிலம். ரயில் யார்டு மண்ணில் காந்தமானியைக் காட்டினால் அது எல்லாவற்றுக்கும் கத்தும், ஏனென்றால் நூறு வருடத்து ஆணி, தண்டவாளத் துண்டு, போல்ட், எல்லாம் உள்ளே கிடக்கும். குண்டைத் தேடுவதற்கு உலகத்திலேயே மோசமான மண் என்றால் இந்த மாதிரி மண்தான்.

சுங்கை பெசி பக்கம் வாருங்கள். அந்தப் பழைய விமானத்தளத்தை 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அதே நிலத்துக்குப் பிற்பாடு பண்டார் மலேசியா என்று பெயர் வைத்தார்கள். 2017 இறுதியில் அங்கே எம்.ஆர்.டி. கட்டுமானத் தளத்தில் ஒரு வெடிப்பு. வங்காளதேசத் தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். உலகப்போர்க் காலத்துக் குண்டு என்று தெரியவந்தது. நாளிதழில் சில நாள் ஓடியது, அவ்வளவுதான். எழுபது வருடத்துக்கு முந்தைய போரில் சம்பந்தமே இல்லாத ஊரிலிருந்து, கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து, சைட்டில் 'பங்ளா' என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுகிற ஒருவர் மேல் அந்தப் போர் வந்து விழுகிறது. அதியன் ஆதிரையின் செல்வம் மாமல்லபுரத்தில் மட்டும் இல்லை. நம்மூரில் அவருக்குத் தமிழ் பேசத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த தளங்களில் மண் பரிசோதனை அறிக்கை வரும். எத்தனை மீட்டரில் களிமண், எத்தனை மீட்டரில் சுண்ணாம்புப் பாறை, தண்ணீர் மட்டம் எங்கே, எல்லாம் இருக்கும். 1941 என்றோ 1945 என்றோ ஒரு வரியைக்கூட நான் பார்த்ததில்லை. நிலத்துக்கு வயது இருக்கிறது, வரலாறு இல்லை என்பது போல. ஒரு சைட் சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன், "அண்ணே, குண்டு கிண்டு கிடைச்சா என்ன செய்வீங்க?" "தம்பி, போலீஸைக் கூப்பிடுவோம், ரெண்டு நாள் வேலை நிக்கும், கன்ட்ராக்டர் கத்துவான்" என்றார். அவர் வாயில் வந்த வரிசையைக் கவனியுங்கள். உயிர் அதில் வரவே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. தாமதத்துக்கு அபராதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்போது அவர் வேறு எப்படி யோசிப்பார்? போலீஸின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு திறமையானதுதான். கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் கூப்பிடுவதற்குக் குண்டை முதலில் யாராவது கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது எஸ்கவேட்டர் வாளி.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்று சொன்னபின் யாழ்ப்பாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரயில்வேயில் குமாஸ்தாவாக, ஸ்டேஷன் மாஸ்டராக வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கட்டியெழுப்பிய பேட்டை அது. ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோயிலே சாட்சி. அவர்கள் விட்டுவந்த குடாநாட்டின் வாசலில், ஏ9 வீதியில், முகமாலை இருக்கிறது. இரண்டு தரப்பும் வருடக்கணக்கில் எதிரெதிரே நின்ற முன்னரங்கம். ராணுவம் புதைத்தது, புலிகளும் புதைத்தார்கள். போர் 2009இல் முடிந்தது. மிதிவெடிக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஹாலோ ட்ரஸ்ட், மேக் போன்ற வெளிநாட்டு அமைப்புகளோடு டேஷ் போன்ற உள்ளூர் அமைப்புகளும் இன்றுவரை அங்கே வேலை செய்கின்றன. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கெடு 2028.

அங்கே மண்ணைக் கிளறுகிறவர்களில் கணிசமானவர்கள் தமிழ்ப் பெண்கள். கணவனைப் போரில் இழந்தவர்கள், வீட்டுக்கு ஒரே சம்பாத்தியம் தாங்களாகவே ஆனவர்கள் அவர்களில் பலர். சண்டை நடந்த மண்ணில் சன்னமும் செல் துண்டும் நிறைந்து கிடப்பதால் உலோகக் கருவி எதற்கெடுத்தாலும் ஒலிக்கும், நம் ரயில் யார்டு மாதிரியே. மிதிவெடியிலோ உலோகம் மிகக் குறைவு. அதனால் நீளப் பிடி போட்ட வாரிகளால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. வெயிலில், முகக்கவசமும் கனத்த மேலங்கியும் போட்டுக்கொண்டு, ஒரு மீட்டர் அகலப் பாதையில், நாள் முழுக்கச் சில சதுர மீட்டர். மறுநாள் அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒரு துண்டு நிலம் முடிந்தால், எங்கிருந்து எங்கே வரை, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் வரை தேடினோம் என்று எழுதி, வரைபடத்தோடு கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறார்கள். 'இங்கே இனி ஒன்றுமே இல்லை' என்று அந்தக் காகிதம் சத்தியம் செய்வதில்லை. நியாயமாகச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டோம் என்று மட்டும் சொல்கிறது. அதை நம்பி ஒரு குடும்பம் திரும்பி வந்து கிணற்றைத் தூர்வாருகிறது.

இந்தக் கையெழுத்துக்குப் பின்னால் உள்ள பயம் எனக்குத் தெரியும். நானும் கையெழுத்துப் போடுகிறவன். படம் கைவிட்ட இடம் இதுதான் என்று நினைக்கிறேன். குண்டு விஷயத்தில் அதியன் ஆதிரைக்குக் கெட்டவன் தேவைப்பட்டிருக்கிறான். ஆயுதத் தரகன் வந்தவுடன் பார்வையாளனுக்கு நிம்மதி. தப்பு அவன் மேல். கெட்டவனே இல்லாத ஒரு குண்டுதான் உண்மையில் பயங்கரம். போட்டவன் செத்துவிட்டான், அனுப்பிய அரசு இப்போது நட்பு நாடு, நிலம் மூன்று கை மாறிவிட்டது, இப்போது தோண்டுகிறவன் தலையில் அது வந்து விடிகிறது. இதற்கு யார் செலவு செய்வது? நில உரிமையாளரா, கன்ட்ராக்டரா, அரசாங்கமா? படத்துக்குள் இந்தக் கேள்வி ஒரு தரம் எட்டிப்பார்க்கிறது. தரகன் வந்ததும் ஓடிப்போய்விடுகிறது.

நம் இலக்கியத்தையும் இதே கேள்வியோடு பார்க்கலாம். ஜப்பானியர் காலம் என்றால் மலேசியத் தமிழ்ப் புனைவுக்குச் சயாம் ரயில்தான். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இல்லாமல் அந்தக் காலத்தை நாம் நினைக்கவே முடியாது. அந்தச் சாவுகளை எழுதியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் அதே ஜப்பானியர் காலம் கோலாலம்பூர் மண்ணுக்குள் விட்டுவைத்ததை யாரும் தோண்டவில்லை. ஈழ எழுத்திலும், நான் வாசித்தவரை, மிதிவெடி என்றால் ஒரு கால் போகிறது, கதை அதைச் சுற்றி நிற்கிறது. அந்த வெடி வெடிக்காமல் பார்த்துக்கொண்ட பெண்ணை நான் ஒரு கதாபாத்திரமாகச் சந்திக்கவே இல்லை. வெடிப்பது கதை, வெடிக்காதது வேலை என்று நாமே பிரித்து வைத்துக்கொண்டோமோ என்று தோன்றுகிறது. மெதுவான வேலையை எழுதத் தமிழுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உழவையும் பால்மரம் வெட்டுவதையும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். வாரியும் மண்ணும் மட்டும் எப்படிக் கதைக்கு ஆகாமல் போகும்?

இவ்வளவு குறை சொன்னாலும் இந்தப் படத்தை நான் மூன்று தரம் பார்த்துவிட்டேன். மூன்று தரமும் எனக்குப் பிடித்தது, செல்வம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதையோ பேசிக்கொண்டே போகும் காட்சிகள்தான். பின்னால் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதில் துரத்தல் எதுவும் இல்லை. லாரி ஓடுகிறது, வெயில் அடிக்கிறது, டென்மாவின் இசை கூட வருகிறது. அந்தப் பொறுமை இந்த இயக்குநரிடம் இருக்கிறது. அந்தப் பொறுமையோடு யாராவது முகமாலைக்குப் போய், ஒரு பெண் ஒரு மீட்டர் மண்ணைச் சுரண்டி முடித்து, குச்சியைப் பிடுங்கி முன்னால் நட்டு, மறுபடி குனிவதை வெட்டாமல் பத்து நிமிடம் காட்டட்டும். கிள்ளானில் ஓடினால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் போவேன். சூப்பர்வைசர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு.